கால் மறந்த சருகுமான்

“எழுந்திரு மூக்கா! செந்நாய் வருது!”

மலையணில் செம்பி கத்திய கத்தலில் குளத்துக் கொக்குகள் பறந்தன. சருகுமான் மூக்கன் எழப் பார்த்தது. முன்னங்கால் மடங்கியது. பின்னங்கால் எனக்கென்ன என்று கிடந்தது. மோவாய் சேற்றில் போய் இடித்தது.

இரண்டும் விண்ணிலிருந்து இறங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு மாதம் அங்கே மிதந்துவிட்டு, இப்போதுதான் விண்கலத்தின் கதவைத் திறந்து குளக்கரையில் விழுந்திருந்தன. காட்டு மிருகங்கள் எல்லாம் மாலையோடு மேட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருந்தன. செந்நாய் மட்டும் இந்தப் பக்கம் காத்திருந்தது.

“என்ன தம்பி, வானத்தையே சுத்தி வந்தியாம்! இந்தக் குளத்தை ஒரு சுத்து ஓடிக் காட்டேன்!” என்றது செந்நாய். அவசரமே இல்லாமல் நடந்து வந்தது.

மூக்கனுக்குக் காரணம் தெரியும். மேலே உடம்புக்கு எடை தெரியாது. கால் தரையில் படாது. வேலை இல்லாத கால் மெலியும். அதனால்தான் தினமும் இரண்டு மணி நேரம் இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு, காலடியில் சுழலும் ஓடுபட்டையில் ஓடு என்று கீரி வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். செம்பி ஓடியது. திட்டிக்கொண்டேதான் ஓடியது, ஆனாலும் ஓடியது. மூக்கன் ஜன்னலோரம் மிதந்தபடி கீழே தன் காடு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது.

“ஏய், ஓடலையா?”

“மிதக்கிற இடத்துல காலுக்கு என்னக்கா வேலை? நீ கீழே சொல்லிடாதே!”

“நான் ஏன் சொல்றேன்? விழப்போறது நீ!”

தினமும் காலையில் வைத்தியர் வானொலியில் கேட்பார். “மூக்கா, ஓடினியா?”

மூக்கன் பட்டையை மூக்கால் ஒரு தள்ளு தள்ளும். அது கடகடவென்று ஓடும்.

“கேக்குதா ஐயா? ஓடிக்கிட்டேதான் பேசறேன்!”

வைத்தியர் நம்பினார். “ரெண்டுக்கும் கால் கெட்டியா இருக்கு. குளத்தோரம் இறக்குங்க, மேடேறி ஓடி வந்துடுங்க” என்றார். அதனால் துணைக்கு யாரும் வரவில்லை.

செந்நாய் பத்தடியில் நின்று உதட்டை நக்கியது. செம்பிக்குப் பக்கத்திலேயே மரம் இருந்தது. ஏறியிருக்கலாம். ஏறவில்லை. மூக்கனின் காதைக் கவ்வித் தரதரவென்று கலத்துக்குள் இழுத்துப் போட்டு, கதவை அறைந்து சாத்தியது. செந்நாய்க்குக் கிடைத்தது செம்பியின் வால்முடி ஒரு கொத்து.

இவ்வளவு நேரமாகியும் காணோமே என்று காட்டெருது மேடிறங்கி வந்த பிறகுதான் செந்நாய் நழுவியது. காட்டெருது மூக்கனைக் கொம்பால் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் போனதும் மாலை இரண்டும் செம்பியின் கழுத்தில் விழுந்தன.

“ஐயா, அடுத்த பயணம் ஒரு வருஷமாமே. நானும்…” என்று வைத்தியரிடம் இழுத்தது மூக்கன்.

வைத்தியர் அதன் தொடையை அழுத்திப் பார்த்தார். வாடிய கீரைத்தண்டு மாதிரி வளைந்தது.

“உன் பேரை அடிச்சாச்சு!”

“ஒரு தடவைதானே ஐயா…”

“ஆறு மாசம்!” என்றது செம்பி, வாலை நக்கிக்கொண்டே.

செய்ததாகச் சொன்னால் ஊர் நம்பும், உடம்பு நம்பாது. தினமும் இரண்டு மணி நேரம் ஓடச் சொன்னார்கள், மூக்கன் ஓடவில்லை.