உறைக்கு எங்கே போவது

“இன்னைக்குப் பதில் சொல்லிடுங்க அம்மா. இல்லேன்னா காலையில முதல் பஸ்ஸுல நான் ஊருக்குக் கிளம்பறேன்” என்றார் ஏகாம்பரம்.

அவருக்கு அறுபது வயது நெருங்குகிறது. மடத்தை நடத்தும் வடிவாம்பாள் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். இருந்தாலும் அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை ஐயா என்பாள்.

“எதுக்குப் பதில்?”

“மூணு வருஷமா கேக்கறதுதான். இந்த உலகம் எதுலேருந்து வந்துச்சு? ஏதோ ஒண்ணுலேருந்துன்னா, அந்த ஒண்ணு எதுலேருந்து? ஒண்ணுமே இல்லாததுலேருந்துன்னா, அதெப்படி வரும்?”

“சடையப்பன் என்ன சொல்றார்?”

“சும்மா வந்துச்சாம். மண்டையில மசாலா இருந்தா அப்படிச் சொல்வானா?”

அடுப்படியிலிருந்து ஒரு இருமல் கேட்டது. அது மடத்தில் அவரோடு தங்கிச் சமைக்கும் சடையப்பன்தான். இந்த வாக்குவாதத்தில் இருவருக்கும் ஒன்பது நாளாகப் பேச்சு இல்லை. சமைப்பது மட்டும் ஒரே அடுப்பில்.

வடிவாம்பாள் சொன்னாள்: “பால் காய்ச்சி ஆறிக்கிட்டிருக்கு. உறை ஊத்திட்டு வாங்க.”

மலைக்கோயிலுக்கு விரதமிருந்து ஏறும் பெண்கள் நாளைக்கு இறங்கி வருவார்கள். மடத்துத் தயிர்ச்சோற்றில்தான் விரதம் முடிப்பார்கள். எத்தனையோ வருஷத்து வழக்கம்.

ஏகாம்பரம் போய்ப் பார்த்தார். உறைமோர்க் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

இருந்த தயிரையெல்லாம் மத்தியானமே கடைந்து மோராக்கி ஊற்றியாகிவிட்டது. சடையப்பன் எடுத்து வைத்திருப்பார் என்று இவர் நினைத்தார். இவர் எடுத்து வைத்திருப்பார் என்று அவர் நினைத்தார். வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஆச்சு. யார் கேட்பது?

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார் ஏகாம்பரம்.

முதல் வீட்டில் ஒரு அம்மாள் கதவைப் பாதி திறந்தாள்.

“விளக்கு வச்சாச்சே ஐயா. வெள்ளிக்கிழமை வேற. இந்நேரத்துல தயிர் வெளியே போனா லட்சுமி கூடவே போயிடுவா.”

“ஒரு சொட்டு போதும் தாயி.”

“ஒரு சொட்டு லட்சுமி மட்டும் லட்சுமி இல்லையா?”

ஏழு வீடு. ஏழிலும் விளக்கு எரிந்தது.

வெறுங்கிண்ணத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“கிடைக்கலைம்மா. உறை இல்லாம தயிர் எப்படி வரும்?”

“இது வரைக்கும் எப்படி வந்துச்சு?”

“நேத்துத் தயிர்லேருந்து.”

“நேத்துத் தயிர்?”

“முந்தாநாள் தயிர்லே...” ஏகாம்பரம் நிறுத்திக்கொண்டார். “எங்கே இழுத்துட்டுப் போறீங்கன்னு தெரியுது. முதல் தயிர் எதுலேருந்துன்னு கேக்கப்போறீங்க.”

“நான் எதுவும் கேக்கல. பால் ஜில்லுன்னு ஆயிடும். அதைத்தான் சொல்றேன்.”

அடுப்படியில் ‘டக் டக்’ என்று சத்தம். எட்டிப் பார்த்தார். சடையப்பன் சம்மணமிட்டுக்கொண்டு மிளகாய் வற்றலின் காம்புகளைக் கிள்ளிக் கிள்ளிப் பாலில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரத்துக்கு வாய் நிற்கவில்லை.

“என்னய்யா பண்றீர்? பாயசமா, குழம்பா?”

ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

“உறை ஊத்தறேன்.”

“காம்புல ஏதுய்யா தயிர்?”

“காம்புல இல்ல.”

“அப்போ பால்லயா இருக்கு?”

“பால்லயும் இல்ல.”

“பின்னே எங்கேருந்துய்யா வரும்?”

“வந்ததும் தயிரையே கேளும். இப்போ அந்தத் துணியை எடும். வெதுவெதுப்பு போறதுக்குள்ள சட்டியைச் சுத்தணும்.”

ஏகாம்பரம் துணியைப் பிடித்தார். சடையப்பன் முடிச்சுப் போட்டார். இருவருமாகத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்போரம் வைத்தார்கள்.

முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது, இரண்டு தலைகளும் சட்டிக்குள் குனிந்திருந்தன. கத்தி வைத்தால் துண்டு விழும் போலத் தயிர் உறைந்திருந்தது.

பத்து மணிக்கெல்லாம் பெண்கள் இறங்கி வந்துவிட்டார்கள். வரிசையாக இலை. ஏகாம்பரம் பரிமாறினார். சடையப்பன் பின்னாலேயே ஊறுகாய் வைத்துக்கொண்டு வந்தார். வடிவாம்பாள் தூணோரம் நின்றாள்.

மூன்றாவது இலையில் இருந்த அம்மாள் ஒரு வாய் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“புளிப்பே இல்லியே! ஏன் ஐயா, இது எங்கேருந்து வந்த உறை?”

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். திரும்பிச் சடையப்பனைப் பார்த்தார். வடிவாம்பாளையும் பார்த்தார்.

“இன்னும் ஒரு கரண்டி போடட்டுமா தாயி?” என்றார்.