பட்டியலில் ஏறிய பச்சை ஓணான்

மேகம் வந்து முட்டும் உயரத்தில் இருந்த ஒரு காட்டில், மரகதன் என்னும் பச்சை ஓணான் வாழ்ந்து வந்தது. தற்பெருமை பேசுவதென்றால் அதற்கு வெல்லம் தின்பது போல.

ஒருநாள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு சில மனிதர்கள் மலைக்கு வந்தார்கள். மூன்று நாள் புதர் புதராகத் தேடி எதையோ எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் பேசியதை ஒட்டுக்கேட்ட சிலம்பன் குருவி பதறிப் பறந்து வந்தது.

"மரகதா! இந்த மலையில் உங்கள் இனத்தில் பதினோரு பேர்தான் மிச்சமாம். அழியும் நிலையில் உள்ள அரிய உயிர் என்று பட்டியலில் எழுதிவிட்டார்கள்!"

குழந்தைகளே, 'அழியும்' என்ற சொல் மரகதனின் காதில் விழவே இல்லை. 'அரிய' என்ற சொல் மட்டும் தேனாகப் பாய்ந்தது.

"பட்டியலில் எழுதும் அளவுக்கு நான் பெரிய ஆளா!" என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டது. எதிரே வந்த அணிலிடம், "வழி விடு, அரியவன் வருகிறேன்" என்றது. தவளையிடமும் அதையே சொன்னது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தது சுருளி என்னும் பாம்பு. தந்திரத்தில் அதை மிஞ்ச அந்த மலையில் ஆளில்லை.

"தம்பி மரகதா, பதினோரு பேர் இருக்கும்போதே உனக்கு இத்தனை மதிப்பு. நீ ஒருவன் மட்டும் இருந்தால்?"

"உலகத்திலேயே அரியவன் ஆகிவிடுவேனே! ஆனால் மற்ற பத்துப் பேர்?"

"அவர்கள் இருக்கும் இடத்தை மட்டும் சொல். அடுத்த மலையில் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்."

"ஓடைக்கரைப் புதரில்தான் இருக்கிறார்கள், அண்ணா!"

பாம்பு உடனே புறப்பட்டது. அப்போதுதான் மரகதனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணா, உங்களுக்குக் கையுமில்லை, காலுமில்லை. பத்துப் பேரை எப்படிச் சுமப்பீர்கள்?"

"வயிறு எதற்கு இருக்கிறது?" என்று அவசரத்தில் உளறிவிட்டது சுருளி.

மரகதனுக்கு வால் நுனிவரை சில்லிட்டது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! ஓடிப்போய் எச்சரிக்கலாம் என்றால் பாம்பு முந்திவிடும். ஒரு கணம் யோசித்தது.

"அண்ணா, நில்லுங்கள்! இது உச்சிவேளை. எல்லோரும் மொட்டைப் பாறைக்கு வெயில் காயப் போயிருப்பார்கள். அங்கே போனால் வரிசையாகப் படுத்திருப்பார்கள்!"

சுருளிக்கு நாக்கில் நீர் ஊறியது. விறுவிறுவென்று பாறைமேல் ஏறியது. அங்கே ஓர் ஓணான்கூட இல்லை. தினமும் அந்த நேரத்தில் இரை தேடி வட்டமிடும் கழுகுதான் தலைக்கு மேலே இருந்தது. அது பாய்ந்த பாய்ச்சலில், வாலில் கீறலோடு சரிவில் உருண்டு ஓடிய பாம்பு, அதன்பின் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

மரகதன் மூச்சிரைக்கப் புதருக்கு ஓடியது. அங்கே செவ்வந்தி என்னும் பெண் ஓணான் முட்டையிட்டு, மண்ணால் மூடிக்கொண்டிருந்தது. மரகதன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லித் தலைகுனிந்தது.

செவ்வந்தி முறைத்தது. "எங்களையெல்லாம் பாம்புக்குக் கொடுத்துவிட்டு, யாரிடம் போய்ப் பெருமையடிப்பாய்?"

"தப்புதான்" என்றது மரகதன்.

"சரி, மறைக்காமல் சொன்னாயே. இதோ, இங்கே நாலு முட்டை இருக்கிறது. பொரித்துவிட்டால் நீ இவ்வளவு அரியவனாக இருக்க முடியாது. பரவாயில்லையா?"

"நாற்பது பொரித்தாலும் பரவாயில்லை!" என்றபடி மரகதன் முன்னங்கால்களால் முட்டைகள்மேல் மண்ணைத் தள்ளத் தொடங்கியது.

நீதி: தன் இனம் தேயத் தான் மட்டும் உயர நினைப்பது பெருமையல்ல, பேதைமை.