செங்கோடன் போட்ட கல் கணக்கு

சீடருக்கு வயது நாற்பத்தெட்டு, குருவுக்கு முப்பது. செங்கோடன் கல்குவாரியில் வெடி வைத்தவர். எழிலரசி ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருபவள். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதத்தான் அவர் வருகிறார் என்று ஊரே நம்பியது. பாவம், அவர் வந்தது ஒரே ஒரு கல்லுக்காக.

எட்டு வருஷத்துக்கு முன் அவர் வைத்த வெடியில் தெறித்த அந்தக் கல், நண்பர் பழனியாண்டியின் காலை முறித்துவிட்டது. அன்றிலிருந்து செங்கோடன் அவர் முகத்தில் விழிக்கவில்லை. இப்போது பழனியாண்டியே மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தார். கல்யாணம் நாளைக்கு.

"அந்தக் கல்லுக்கே கணக்குப் போட்டுட்டனுங்க டீச்சர்."

நோட்டை நீட்டினார். இருபது மீட்டர் உயரப் பாறையிலிருந்து கிளம்பிய கல், t விநாடியில் இருக்கும் உயரம்: 20 + 15t − 5t².

"தரையில எப்ப இருக்கும்?"

"ரெண்டு விடை வருதுங்க. நாலு. அப்புறம் மைனஸ் ஒண்ணு."

மைனஸ் ஒன்றின் கீழே தாள் கிழியுமளவுக்குக் கோடு போட்டிருந்தார்.

"வெடிக்கறதுக்கு ஒரு விநாடி முன்னாடிங்க. எட்டு வருஷமா நான் அங்கியேதான் நிக்கறனுங்க."

"அப்பக் கல் தரையிலயா இருந்துச்சு?"

"இல்லீங்க, பாறையிலதான்."

"உங்க சூத்திரம் தரையிலன்னு சொல்லுதே!"

"சூத்திரத்துக்கு என்னங்க தெரியும்? கல்லு இன்னும் கிளம்பவே இல்லியே."

எழிலரசி சிரித்துவிட்டாள்.

"சார்பகம் என்னன்னு எழுதியிருக்கீங்க?"

t-க்கு எந்த எண்களெல்லாம் செல்லும் என்பதுதான் சார்பகம். 'எல்லா எண்களும்' என்று தாராளமாக எழுதி வைத்திருந்தார் மனுஷர். அதை அடித்துவிட்டு, 'பூஜ்யத்திலிருந்து' என்று எழுதி நிறுத்தினார்.

"எதுவரைக்கும்ண்ணா?"

அவர் நோட்டின் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே போனார்.

"அஞ்சு போட்டுப் பாருங்க."

போட்டார். "மைனஸ் முப்பது. தரைக்குக் கீழ முப்பது மீட்டருங்க."

"கல் அங்கயா போச்சு?"

"எங்கீங்க போகும்? விழுந்த எடத்துலதான் கெடக்கும்."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. 'நான்கு வரை' என்று எழுதி முடித்தார்.

"நாலுக்கு அப்புறம்ங்க டீச்சர்?"

"அதுக்கு இந்தக் கணக்கு செல்லாதுண்ணா. முகூர்த்தம் எத்தனை மணிக்கு?"