புயலுக்கு முதல் பரிவட்டம்

“தாயி, என் மக கல்யாணம் நின்னுபோச்சு. எல்லாம் அந்தப் பாழாப்போன புயலால!”

உத்திராபதி வந்ததும் வராததுமாகப் புலம்பினார்.

கடலையம்மா நிமிரக்கூட இல்லை. பாழ்மண்டபத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எந்நேரமும் அதே வேலை என்பதால்தான் அந்தப் பெயர். வயதில் உத்திராபதிக்குத் தங்கை மாதிரி இருப்பாள். ஆனாலும் குரு குருதான்.

“புயல் அடிச்சு ஒரு வருஷம் ஆச்சே?”

“அன்னிக்குச் சாயங்காலம் நான் வரப்பில நின்னு சீட்டி அடிச்சேனாம். அதான் காத்து வந்துச்சாம். ‘புயலைக் கூப்பிட்டவன் வீட்டில பொண்ணு எடுக்க மாட்டேன்’னு மாப்பிள்ளையோட அப்பா கலியபெருமாள் தாம்பூலத் தட்டைத் திருப்பி அனுப்பிட்டார்.”

“அடிச்சியா?”

“அடிச்சேன். அதுக்காக? ஒரு சீட்டிக்கா ஊர்த் தென்னை அத்தனையும் சாயும்? நீங்களே சொல்லுங்க!”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் சரியாகச் சாப்பிட்டே நாளாகிறது.

கடலையம்மா மடியை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“வா, கோயிலுக்குப் போவோம். நீ சும்மா நில்லு, போதும்.”

அம்மன் கோயிலில் திருவிழாப் பேச்சுக்காக ஊரே கூடியிருந்தது. கலியபெருமாளும் முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“வறண்டு கிடந்த உங்க ஏரி எப்ப ரொம்புச்சு?” என்று கேட்டாள் கடலையம்மா.

“அந்தப் புயல்லதான்” என்றது ஊர்.

“அப்ப, புயலைக் கொண்டுவந்தவருக்குத்தானே இந்த வருஷம் முதல் பரிவட்டம் கட்டணும்?”

கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

முதல் பரிவட்டம் என்றால் சும்மாவா? சாமி முன்னால், ஊர் பார்க்க, தலையில் பட்டுத்துணி கட்டுவார்கள். அதற்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்துபோன ஊர் அது.

பூசாரி மெல்லத் தொண்டையைச் செருமினார்.

“அன்னிக்கு விளக்கு வச்ச பிறகு கோயிலைக் கூட்டினேன். கூடாதுன்னு தெரிஞ்சேதான் கூட்டினேன்.”

“அட போய்யா! செவ்வாய்க்கிழமையும் அதுவுமா முடி வெட்டிக்கிட்டது யாரு? நான்!” என்றார் நாட்டாமை.

“உலக்கை மேல உட்கார்ந்தது நானு!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

கலியபெருமாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“எல்லாரும் உட்காருங்கய்யா. அம்மனுக்கு நேரா நின்னு அடுக்கடுக்காத் தும்மினது நான். அப்பவே வானம் கறுத்துப்போச்சு. பயந்துபோய் இத்தனை நாள் மென்னு முழுங்கினேன். புயலைக் கொண்டுவந்தது நானேதான்!”

உத்திராபதிக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தீர்ந்தது பழி. புயலைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மனுஷர் இனி எந்த முகத்தோடு பெண்ணை வேண்டாம் என்பார்? பேசாமல் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

போனாரா?

“யோவ், தும்மலுக்கு எங்கய்யா புயல் வரும்?” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தார். “சீட்டி அடிச்சது நான்! ஊருக்கே தெரியும்! பரிவட்டம் எனக்கு!”

இருவரும் ஒருவர் துண்டை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

கடலையம்மா பூசாரியைப் பார்த்தாள்.

“பத்துப் பொருத்தமும் இருக்கு. முகூர்த்தத்துக்கு நாள் பாரு.”