கொத்தவால் மீசைக்கு நான்கு ஈட்டி

முன்னொரு காலத்திலே கருங்குன்றக் காட்டைச் சங்கிலிக்கருப்பன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ராஜா என்பது அவனே வைத்துக்கொண்ட பேர். தொழில் என்னவோ கொள்ளைதான். ஆனாலும் குகைக்குள்ளே தினமும் கொலு நடக்கும். சிம்மாசனம்கூடத் திருடியதுதான். மாயழகு மந்திரி, சுடலை ஒற்றன், கொண்டல்சாமி தளபதி. சமையல்காரி உடையாள் குழம்பைக் கிண்டிக்கொண்டே அத்தனையும் கேட்பாள். ராஜா அடிக்கடி, "உடையா, நீ என்ன சொல்றே?" என்று அவளைக் கேட்பான். கொண்டல்சாமிக்கு அது வயிற்றெரிச்சல்.

கொஞ்ச காலமாக ராஜாவுக்கு நேரம் சரியில்லை. எங்கே புகுந்தாலும் கோட்டைக் காவலுக்குத் தலைவனான கொத்தவால் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தான். கடைசித் தடவை, "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கோபித்துக்கொண்டான். நாலு பேர் பிடிபட்டார்கள். ராஜா வேட்டியை விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"நம்மில் யாரோ காட்டிக்கொடுக்கிறான்!" என்று கர்ஜித்தான்.

"வேறு யார் மகாராஜா? காய் வாங்கச் சந்தைக்குப் போகிறாளே, அவள்தான்!" என்றான் கொண்டல்சாமி.

"பிடித்துப் பள்ளத்தில் தள்ளுங்கள்!"

உடையாள் குழம்பை இன்னொரு தரம் கிண்டினாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "தள்ளுங்க மகாராஜா. அதுக்கு முன்னே மூணு நாள் குடுங்க. ஆளைக் காட்டறேன்" என்றாள்.

அவள் சொல்லிக்கொடுத்தபடியே ராஜா மூவரையும் தனித்தனியே கூப்பிட்டான். மாயழகிடம், "வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் பட்டத்து யானையைத் திருடப்போகிறோம், மூச்சு விடாதே" என்றான். சுடலையிடம் தேர்ச்சக்கரம். கொண்டல்சாமியிடம் கொத்தவாலின் மீசை.

"மீசையையா?" என்றான் கொண்டல்சாமி.

"முழுசாக!" என்றான் ராஜா, உடையாள் சொன்ன மாதிரியே சிரிக்காமல்.

வெள்ளிக்கிழமை ராஜா தலையில் சுரைக்காய்க் கூடையைச் சுமந்துகொண்டு, உடையாள் பின்னாலே ஊருக்குள் போனான். யானை தன்பாட்டுக்குக் கரும்பு தின்றுகொண்டிருந்தது, பாகனைக்கூடக் காணோம். தேர்ச்சக்கரத்தடியில் ஒரு நாய் தூங்கியது.

அப்போது கடைத்தெருவில் கொத்தவால் வந்தான். மூக்குக்குக் கீழே பட்டுத்துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான். வலது மீசைக்கு இரண்டு ஈட்டிக்காரர், இடது மீசைக்கு இரண்டு பேர். அவன் தும்மினான், நால்வரும் ஈட்டியை நீட்டினார்கள்.

உடையாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ராஜா சிரிக்கவில்லை. "நானும் கொண்டல்சாமியும் ஒரே இலையில் சாப்பிட்டு வளர்ந்தோம் உடையா" என்றான்.

குகைக்குத் திரும்பி, கண்டதைக் கொலுவில் சொன்னான். கொண்டல்சாமி முகம் வெளுத்துப்போய்க் காலில் விழுந்தான். "மகாராஜா, கோட்டையில் நிஜத் தளபதி ஆக்குகிறேன் என்றான் கொத்தவால். இங்கே தளபதி என்று பேர்தான். என் படையில் இருப்பது ஒரு கழுதை!"

ராஜாவுக்குக் கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்றுமுதல் அதுவும் இல்லை. அடுப்படியில் உடையாளுக்கு வெங்காயம் உரி. சந்தைப்பக்கம் தலைகாட்டினால் பள்ளம்தான்!" என்றான். தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உடையாளுக்குப் போட்டு, அவளை முதல் மந்திரியாக்கினான். மாயழகு ஒதுங்கி இடம்விட்டான்.

சாப்பிட உட்கார்ந்தபோது ராஜாவுக்கு ஒரு சந்தேகம். "உடையா, ஒருவேளை மூன்று இடத்திலும் காவல் இருந்திருந்தால்?"

"மூணு ரகசியமும் தெரிஞ்சவ நான் ஒருத்திதானே மகாராஜா. அப்போ காட்டிக்கொடுத்தது நான்தான்" என்றாள் உடையாள், குழம்பை ஊற்றிக்கொண்டே.

ராஜா இலையிலிருந்து கையை எடுத்தான். பிறகு இலையை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினான்.

"முதல் வாய் நீ சாப்பிடு, மந்திரி" என்றான்.