கரிந்த சரிவில் நிறப்பொருத்தம்

காட்டுத்தீ அணைந்துபோன மலைச்சரிவில் வெட்டுக்கிளிகளின் சபை கூடியிருந்தது. காய்ந்த புல் இருந்த இடமெல்லாம் கரி. எரியாமல் நின்ற ஒற்றைப் பாறையின் நிழலில் அத்தனை பேரும் ஒடுங்கி நின்றார்கள். கருகிய மரத்தின் உச்சியில் ஒரு கரிச்சான் குருவி வாலை ஆட்டியபடி காத்திருந்தது.

அன்று நிறப்பொருத்தம் பார்க்கும் நாள். புதிதாகப் பிறந்த குஞ்சுகளை ஒரு மஞ்சள் வைக்கோல்மேல் ஏற்றி நிறுத்துவார்கள். வைக்கோலோடு நிறம் ஒத்துப்போனால் குஞ்சு கூட்டத்தில் சேரும். ஒத்துப்போகாவிட்டால் சரிவின் விளிம்புக்கு இழுத்துப்போய்க் கீழே எறும்புகளிடம் தள்ளிவிடுவார்கள்.

அந்த வருடம் மூன்று குஞ்சுகள் கறுப்பாகப் பிறந்திருந்தன.

“தள்ளுங்கள்!” என்றார் தலைவர் முதுகாலர்.

“பொறுங்கள் ஐயா!”

தத்தி என்ற இளம் வெட்டுக்கிளி முன்னால் வந்தாள். அவள் வீட்டில் இதுவரை யாரும் சபையில் வாய் திறந்ததில்லை. அவள் பின்னங்கால்கள் நடுங்கி இறகோடு உரசின. அந்தக் கிறீச்சொலி எல்லோருக்கும் கேட்டது.

“என்ன, கச்சேரியா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது.

“தீக்குப் பிறகு கரிச்சான் யாரைத் தூக்குகிறது என்று தினமும் பார்த்துவருகிறேன் ஐயா. நம்மில் கொஞ்சம் மங்கலாக இருப்பவர்களை விட்டுவிடுகிறது. பளிச்சென்ற மஞ்சளைத்தான் கொத்திப் போகிறது. இந்தக் குஞ்சுகள் அதன் கண்ணில் படாது என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும்.”

“உளறாதே! ஆதியில் பிறந்த முதல் வெட்டுக்கிளியே மஞ்சள்தான். அன்றுமுதல் மாறாத குலம் நம் குலம்!”

“இல்லை, ஐயா.”

இதைச் சொல்லத்தான் அவள் இத்தனை காலம் பயந்திருந்தாள்.

“இந்தப் பாறை இடுக்கில் பழைய சிலந்திப் பொந்து ஒன்று இருக்கிறது. தின்றுபோட்ட நம்மவர் இறகுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. மேலே மஞ்சள். அதற்கடியில் பழுப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை. இங்கே ஓடை ஓடிய காலத்தில் நாம் பச்சையாக இருந்திருக்கிறோம்!”

“தலைவரின் பாட்டன் கீரைக்கட்டு மாதிரி இருந்தாராம்!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“வாயை மூடு!” என்று முதுகாலர் சீறினார்.

தத்தி நிறுத்தவில்லை. “யாரும் விரும்பி மாறவில்லை. குஞ்சுகள் எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னேதான் பிறக்கின்றன. கண்ணில் பட்டதைக் குருவி தின்றது. படாதது தப்பிப் பிள்ளை பெற்றது. அவ்வளவுதான். இவர்களைத் தள்ளிவிட்டால் இந்தக் கரியில் நம் இனமே மிஞ்சாது!”

“காவலா! இழுத்துப்போ!”

பளிச்சென்ற மஞ்சள் நிறக் காவலன் குஞ்சுகளைக் கரித்தரை வழியே இழுத்துக்கொண்டு போனான். ஒரு நிழல் விழுந்தது. சிறகடிக்கும் சத்தம் கேட்டது. காவலனைக் காணவில்லை. மூன்று கறுப்புக் குஞ்சுகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முதுகாலர் குஞ்சுகளை நிழலுக்குள் கூட்டிவந்தார்.

குஞ்சுகள் வளர்ந்தன. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெருகினார்கள். சரிவு முழுக்கக் கறுப்பு வெட்டுக்கிளிகள். அவர்களில் கரியன் என்பவன் மிடுக்கானவன். ஒருநாள் அவன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, முதுகாலரையும் மிச்சமிருந்த சில மஞ்சள் வெட்டுக்கிளிகளையும் சரிவின் விளிம்புக்குத் துரத்தினான்.

“தத்தி அக்கா சொன்னதுதான் சட்டம்! தப்பியவன் உயர்ந்தவன்! மஞ்சளைத் தள்ளுங்கள்!”

தத்தி விழுந்தடித்து ஓடிவந்தாள்.

“நான் அப்படிச் சொல்லவில்லை, கரியா!”

“கறுப்பு பிழைக்கும் என்று நீதானே சொன்னாய்?”

“இந்தக் கரியில் குருவிக்குத் தெரியாது என்று சொன்னேன். உயர்ந்தது என்று எங்கே சொன்னேன்?”

“பயப்படாதே அக்கா. உன்னை மட்டும் விட்டுவிடுகிறோம்!”

“வேண்டாம். தள்ளுவதானால் என்னிலிருந்து தொடங்கு!” தத்தி போய் முதுகாலர் பக்கத்தில் நின்றாள்.

“உனக்கேன் அம்மா இந்த வேலை?” என்று கிழவர் மெல்லக் கேட்டார்.

“நான் தொடங்கிய பேச்சு, ஐயா. அதை இவன் கையில் விட்டுவிட்டு எங்கே போவேன்?”

கரியன் கெக்கலித்தான். தன் பேச்சு எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒரே தாவலில் பாறையின் உச்சிக்கு ஏறினான். அங்கே ஒட்டியிருந்த சாம்பலைக் காற்று எப்போதோ வாரிக்கொண்டு போயிருந்தது. வெயிலில் அந்த உச்சி வெளேரென்று கிடந்தது.

“இறங்கு கரியா! அங்கே நீ தெரிகிறாய்!” என்று தத்தி அலறினாள்.

“பார்த்தீர்களா, மிரண்டுவிட்டாள்! நம் குலத்தை வெல்ல இனி எவனும்—”

கரிச்சான் அவனைப் பேசி முடிக்க விடவில்லை.

வெறும் பாறையைக் கூட்டம் அண்ணாந்து பார்த்தது. பிறகு விளிம்பை மறித்து நின்ற கறுப்பு வெட்டுக்கிளிகள் ஒவ்வொருவராக விலகி வழிவிட்டார்கள். முதுகாலர் நிழலுக்குத் திரும்பினார்.

உயிர்கள் மாறிவந்த வழியை அறிந்தவர் எவரும், அதைச் சாக்காக வைத்து யார் வாழலாம், யார் வாழக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லலாகாது.