துடைத்து வைத்த மேஜை

காலை பத்தே கால் மணி. நாலாயிரத்து இருநூறு புத்தகங்கள். அவற்றைக் கழித்துவிடலாம் என்று கையெழுத்துப் போட வேண்டியவர் பெயர் சவரிராயன்.

பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடி அவர் பொறுப்பு. தமிழ்வழிப் பாடநூல்கள் எல்லாம் அங்கேதான். பத்து வருஷமாக யாரும் இரவல் எடுக்காத புத்தகத்தைக் கழிக்கலாம் என்பது விதி. பழைய இரவல் கணக்கையெல்லாம் ஏற்றி முடித்ததும், புதிதாக வந்த கணினி ஒரு நிமிஷத்தில் பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டது. மாடியில் பாதிக்கு மேல் அதில் இருந்தது. அவ்வளவும் போனால் மாடியை மூடிவிட்டு விடைத்தாள் அடுக்க எடுத்துக்கொள்வார்கள்.

நூலகர் நிலோபர் அன்று மாடிக்கு வந்திருந்தார். சவரிராயனைவிடப் பதினோரு வயது இளையவர். ஐந்து மணிக்கு மேல் ஊழியர்களை உட்காரவைத்துக் கணினி சொல்லிக்கொடுப்பார். மவுஸைப் பிடிக்கவே தெரியாத சவரிராயன், கிண்டலாகத்தான் அவரை "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஆறாவது வாரத்தில் கிண்டல் போய்விட்டது. கூப்பிடுவது போகவில்லை.

"குருவே, உங்க மிஷின் பொய் சொல்லுது."

"என்ன பொய், சவரி சார்?"

"இந்தப் புத்தகத்தையெல்லாம் யாருமே தொடலையாம். சாயங்காலம் வந்து பாருங்க, உட்கார நாற்காலி கிடைக்காது. ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னுட்டு வருதே செல்வராணி, மாலைக் கல்லூரிப் பொண்ணு. அது மாதிரி எத்தனை பேர்! இரவல் அட்டை இல்லாத பிள்ளைங்க. இங்கயே உட்கார்ந்து படிச்சாத்தான் உண்டு."

"சரி."

"கண்ணால பார்த்ததை நம்பணுமா, மிஷின் சொல்றதை நம்பணுமா? அதை மட்டும் சொல்லுங்க."

நிலோபர் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினார். கரிம வேதியியல். மேஜையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் புரண்டது. இன்னொரு பக்கம் புரண்டது. சவரிராயனுக்குப் பொறுமை போனது.

"பன்னிரண்டு மணிக்குப் பதிவாளர் ஆபீஸ்ல இந்தத் தாளைக் கேப்பாங்க, குருவே!"

நிலோபர் புத்தகத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

சவரிராயன் பேசிக்கொண்டே பின்னால் போனார். போகிற போக்கில் புத்தகத்தை எடுத்து, முதுகில் இருந்த எண்ணைப் பார்த்து, அலமாரியில் அதன் இடத்தில் செருகி, நாற்காலியை உள்ளே தள்ளினார். பேச்சு நிற்கவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம். அடுத்தவர் வந்து உட்காருமுன் மேஜை துடைத்து வைத்தாற்போல இருக்க வேண்டும் அவருக்கு. 'எடுத்த இடத்தில் வைக்கவும்' என்று சுவரில் தொங்கிய பலகைகூட அவர் கைப்பட எழுதி மாட்டியதுதான்.

நிலோபர் திரும்பினார்.

"இப்ப இங்க ஒருத்தர் உட்கார்ந்து படிச்சாங்களே, என்ன புத்தகம்?"

"கரிம வேதியியல். நீங்கதானே படிச்சீங்க."

"படிச்சதுக்கு என்ன அடையாளம்?"

சவரிராயன் மேஜையைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது.

அப்புறம் சுவரில் தொங்கிய தன் பலகையை ஏறிட்டுப் பார்த்தார்.

நிலோபர் கைப்பையிலிருந்து பார்கோடு வாசிக்கிற கருவியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"ஏப்ரல் வரைக்கும் அவகாசம் கேட்டு வாங்கறேன். மேஜையில கிடக்கிற புத்தகத்தை அலமாரியில வைக்கறதுக்கு முன்னாடி இதுக்கு ஒரு தடவை காட்டுங்க. இங்கயே உட்கார்ந்து படிச்சதும் கணக்குல ஏறிடும். அது போதும்."

சவரிராயன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரே நாள்ல அலமாரி பூராவும் காட்டிட்டா?"

"அப்ப மிஷின் நிஜமாவே பொய் சொல்லும்."

அவர் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போடாத தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை பலகையைக் கழற்றி, பின்பக்கத்தில் எழுதித் திருப்பி மாட்டினார். 'படித்த புத்தகத்தை மேஜையிலேயே விட்டுச் செல்லவும்.'

முதலில் பார்த்தவள் செல்வராணி. பலகையை இரண்டு தடவை படித்தாள்.

"சார், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஏம்மா?"

"போன மாசம் ஒரு புத்தகத்தை வெச்சுட்டுப் போயிட்டேன்னு அந்தத் திட்டு திட்டினீங்களே!"

"இனிமே எடுத்து வெச்சாத்தான் திட்டுவேன். போ, போய்ப் படி."

மூடுகிற நேரத்தில் நிலோபர் மாடி ஏறி வந்தார். ஒன்பது மேஜையிலும் புத்தகங்கள். சில திறந்தபடி, சில ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்து. சவரிராயன் நடுவில் கருவியோடு நின்றிருந்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அது 'பீப்' என்றது. ஒவ்வொரு 'பீப்'புக்கும் அவர் திரையை எட்டிப் பார்த்தார். ஆனாலும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"என்ன குருவே இது, சந்தைக்கடை மாதிரி! வெளியில இருந்து பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"படிச்சாங்கன்னு நினைப்பாங்க, சார்."

2018 ஏப்ரல் 27 அன்று கூடிய நூலகக் குழு, பட்டியலில் இருந்த புத்தகங்களில் பாதிக்குச் சற்று அதிகமானவற்றை நீக்காமல் வைத்துக்கொண்டது. மீதி கழிக்கப்பட்டன. அவற்றுக்கான தாளில் சவரிராயன் கையெழுத்திட்டார். இரண்டாம் மாடி மூடப்படவில்லை.